கோலத்தில் தொலைந்த புள்ளிகள்

தீபாவளிக்கு முந்திய நாள் மாலை. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடொன்றின் வாசலில் 72 வயதுப் பாட்டி ஒருவர் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். புள்ளிகளை வரிசை வரிசையாக வைத்து முடித்துவிட்டார். இனி அவற்றை இணைக்க வேண்டியதுதான். அப்போது தாழ்வாரத்தில் வீசிய காற்றில் கோலமாவு பறந்து அவருடைய வலக்கண்ணில் விழுந்தது. வலக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடக்கண்ணால் மட்டும் கோலத்தைப் பார்த்தார்.

நேராக வைத்த புள்ளி வரிசைகள் நெளிந்து கிடந்தன. அவர் உற்றுப் பார்த்த இடத்தில் ஐந்தாறு புள்ளிகளைக் காணவே இல்லை. அங்கே சாம்பல் நிறக் கறை ஒன்றுதான் தெரிந்தது.

“யாராவது கோலத்தை மிதித்துவிட்டீர்களா?” என்று கேட்டார் பாட்டி.

“இல்லையே பாட்டி! புள்ளியெல்லாம் நேராகத்தானே இருக்கின்றன,” என்றாள் அருகில் நின்ற பேத்தி. அவள் உயர்நிலை மூன்றில் படிப்பவள்.

பாட்டி வலக்கண்ணைத் துடைத்துக்கொண்டு திறந்தார். தொலைந்த புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. வரிசைகளும் நேராகிவிட்டன. “மாவு பட்ட கோளாறுதான். பண்டிகை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்,” என்று சொல்லிவிட்டுக் கோலத்தைத் தொடர்ந்தார்.

பேத்தி விடவில்லை. “மாவு பட்டது வலக்கண்ணில். கோணலாகத் தெரிந்தது இடக்கண்ணில் அல்லவா, பாட்டி?”

அந்தக் கேள்விக்குப் பாட்டியிடம் பதில் இல்லை. பண்டிகை முடிந்த மறுநாளே அவரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றனர். அங்கிருந்த மருத்துவர் உடனே அவரைக் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார். பாட்டியின் இடக்கண்ணைத் தாக்கியிருந்தது வயதுசார் மாக்குலாச் சிதைவு என்னும் நோய்.

இந்த நோய் வலியைத் தராது. கண்ணைச் சிவக்க வைக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கண் நலமாகவே தோன்றும். ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் ஈடுசெய்துவிடுவதால், நோயாளிக்கே பல மாதங்கள் தெரியாமல் போகலாம். இப்படி ஒளிந்திருக்கும் நோயை மருத்துவர்கள் எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள்? கண்ணின் ஆழத்தில் இருக்கும் முடியினும் மெல்லிய இரத்தநாளங்களை எவ்வாறு படம் பிடிக்கிறார்கள்?

விழித்திரையின் நடுவே

கண்ணின் பின்சுவரை உட்புறமாகப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. அதன் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குதான். ஆயினும், அதில் ஒளியை உணரும் உயிரணுக்கள் 10 கோடிக்கும் மேல் உள்ளன. அவை ஒளியை மின் குறிப்புகளாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன.

விழித்திரையின் நடுப்பகுதிக்கு மாக்குலா என்று பெயர். மஞ்சள் நிறமி கொண்டிருப்பதால் அதனை ‘மஞ்சள் புள்ளி’ என்றும் அழைப்பர். அதன் அகலம் ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர். ஒரு பச்சைப் பயற்றின் அளவுதான் இருக்கும். படிப்பது, எழுதுவது, ஊசியில் நூல் கோப்பது, எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தச் சிறிய இடமே துணை. விழித்திரையின் மற்றப் பகுதிகள் பக்கப் பார்வையைத் தருகின்றன. ஆகவே, மாக்குலா சிதைந்தவர் முற்றாக இருளில் மூழ்குவதில்லை. சுவரையும் கதவையும் அவரால் பார்க்க முடியும். ஆனால், பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறை தெரியும்.

மாக்குலாவின் நட்டநடுவே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு இரத்தநாளங்களே இல்லை. நாளங்கள் குறுக்கிட்டால் ஒளி தடைபடும். எனவேதான் கூர்மையான பார்வைக்குரிய இடம் நாளங்களின்றி அமைந்திருக்கிறது. அவ்வாறாயின், அங்குள்ள உயிரணுக்களுக்கு உயிர்வாயுவும் ஊட்டமும் எங்கிருந்து கிடைக்கின்றன?

விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்னும் மற்றொரு படலம் இருக்கிறது. அது முழுவதும் இரத்தநாளங்களால் ஆனது. கண்ணுக்கு வரும் இரத்தத்தின் பெரும்பகுதி அதன் வழியேதான் ஓடுகிறது. விழித்திரைக்கும் கோராய்டுக்கும் இடையில் இரண்டு மெல்லிய தடுப்புகள் உள்ளன. ஒன்று, கருநிறமி கொண்ட உயிரணுக்களின் ஒற்றை அடுக்கு. இந்த நிறமி அடுக்கு ஊட்டத்தை உள்ளே அனுப்பும், கழிவை வெளியேற்றும். மற்றொன்று, அதன் அடியில் வேலிபோல் அமைந்திருக்கும் புரூக் படலம்.

வேலி பழுதாகும்போது

முதுமையில் இந்தக் கழிவகற்றும் பணி தளர்கிறது. நிறமி அடுக்குக்கும் புரூக் படலத்துக்கும் இடையே கொழுப்பும் புரதமும் கலந்த மஞ்சள் நிறப் படிவுகள் சேர்கின்றன. இவற்றை ட்ரூசன் என்பர். சிறிய படிவுகள் சில இருப்பது முதுமையில் இயல்பு. அவை பெரிதாகிப் பெருகும்போதுதான் நோயாக மாறுகிறது. வயதுடன் புகைபிடிக்கும் பழக்கமும் குடும்பவழி வரும் மரபணுக்களும் இந்நோய்க்கு வழிகோலுகின்றன.

இந்நோயில் இரண்டு வகை உண்டு. முதலாவது உலர்வகை. இதில் மாக்குலாவின் உயிரணுக்கள் பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல அழிகின்றன. நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு இருப்பது இதுவே. இரண்டாவது ஈரவகை. இது குறைவானவர்களையே தாக்குகிறது. ஆனால், சில வாரங்களிலோ மாதங்களிலோ பார்வையைப் பறிக்க வல்லது. பாட்டிக்கு இருந்தது இந்த இரண்டாவது வகை.

ஈரவகையில் கோராய்டிலிருந்து புதிய இரத்தநாளங்கள் முளைக்கின்றன. வி.இ.ஜி.எஃப். என்னும் புரதம் அவற்றின் வளர்ச்சியைத் தூண்டுகிறது. அந்தப் புதிய நாளங்கள் பழுதான வேலியைத் துளைத்துக்கொண்டு நுழையும் செடியின் வேர்கள்போல் பரவுகின்றன. அவற்றின் சுவர்கள் உறுதியற்றவை. ஆதலால் நீரும் இரத்தமும் கசிந்து மாக்குலாவின் அடியில் தேங்குகின்றன. தரைக்கு அடியில் நீர் தேங்கினால் மேலே பதித்த ஓடுகள் மேடுபள்ளமாகிவிடும் அல்லவா? அவ்வாறே விழித்திரையும் மேடுபள்ளமாகிறது. நேர்க்கோடுகள் நெளிவாகத் தெரிவது இதனால்தான். கசிவை நிறுத்தாவிட்டால் அந்த இடத்தில் தழும்பு உண்டாகும். தழும்பாகிவிட்ட மாக்குலாவுக்குப் பார்வையைத் திரும்பத் தரும் மருந்து இல்லை.

ஆகவே, மருத்துவர் முதலில் அறிய வேண்டியவை மூன்று. புதிய நாளம் முளைத்திருக்கிறதா? அது சரியாக எந்த இடத்தில் இருக்கிறது? அது கசிகிறதா? பாட்டிக்கு அன்று செய்யப்பட்ட சோதனைகள் எல்லாம் இந்த மூன்று வினாக்களுக்கு விடை தேடியவையே. அச்சோதனைகள் பிறந்த வரிசையிலேயே அவற்றைக் காண்பது எளிது.

நாணயம் சுண்டிய மாணவர்கள்

உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர்கள் பார்க்க வழிசெய்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1851ஆம் ஆண்டில் அவர் ஆப்தல்மாஸ்கோப் என்னும் கருவியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, உள்ளிருந்து திரும்பும் ஒளியைக் காண உதவிய கருவி அது. அதன் வழியாக ட்ரூசன் படிவுகளையும் இரத்தக் கசிவையும் பார்க்க முடிந்தது. எனினும், கசிவுக்குக் காரணமான நாளத்தைப் பார்க்க முடியவில்லை. அது நிறமி அடுக்கின் அடியில் மறைந்திருந்தது.

அதற்கான வழியை நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இரண்டு மருத்துவ மாணவர்கள் திறந்துவைத்தனர். அவர்கள் ஹெரால்ட் நோவட்னி, டேவிட் ஆல்விஸ் ஆகியோர். ஃபுளோரசீன் என்பது 1871ஆம் ஆண்டில் அடால்ஃப் வான் பேயர் உருவாக்கிய சாயம். நீல ஒளி பட்டால் அது பச்சை கலந்த மஞ்சள் ஒளியை வீசும். அந்தச் சாயத்தை இரத்தத்தில் கலந்து, கண்ணுக்குள் நீல ஒளியைப் பாய்ச்சினால் நாளங்கள் மட்டும் ஒளிரும் அல்லவா? திரும்பி வரும் ஒளியில் நீலத்தை வடிகட்டிவிட்டால், ஒளிரும் நாளங்களை மட்டும் படம் பிடிக்கலாம். இதுவே அவர்களின் எண்ணம்.

யாருடைய உடலில் முதலில் சாயத்தைச் செலுத்துவது? இருவரும் நாணயம் சுண்டினர். ஆல்விஸ் தோற்றார். அவருடைய கையில் சாயம் செலுத்தப்பட்டது. நோவட்னி படம் எடுத்தார். நாளங்களில் இரத்தம் நிறைவதைப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டின. கண் மருத்துவ இதழ் ஒன்று அவர்களுடைய கட்டுரையை ஏற்க மறுத்தது. 1961ஆம் ஆண்டில் இதய மருத்துவத்துக்குரிய ‘சர்க்குலேஷன்’ என்னும் இதழில் அது வெளியானது. இன்று உலகெங்கும் கண் மருத்துவமனைகளில் செய்யப்படும் ஃபுளோரசீன் ஆஞ்சியோகிராம் இவ்வாறுதான் பிறந்தது.

பாட்டிக்கும் இச்சோதனை செய்யப்பட்டது. கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்தை முதலில் இட்டனர். பிறகு, கையிலுள்ள இரத்தநாளத்தில் சாயத்தைச் செலுத்தினர். “சில மணி நேரத்துக்கு உங்கள் தோல் மஞ்சளாகத் தெரியும். சிறுநீரும் ஒரு நாளைக்கு மஞ்சளாகப் போகும். அஞ்ச வேண்டாம், பாட்டி,” என்றார் தாதி. சிலருக்குக் குமட்டல் வரும்; மிக அரிதாகக் கடுமையான ஒவ்வாமையும் ஏற்படலாம். அதற்காக அவசர மருந்துகளை அருகிலேயே வைத்திருந்தனர்.

ஏறத்தாழ 10 முதல் 15 நொடிகளில் சாயம் கண்ணை எட்டியது. விழித்திரையின் நலமான நாளங்கள் சாயத்தை வெளியே விடுவதில்லை. அவை கூர்மையான கோடுகளாகத் தெரிந்தன. ஆனால், மாக்குலாவின் அருகே ஓரிடம் மட்டும் நேரம் செல்லச் செல்லப் பளிச்சென்று விரிந்துகொண்டே போனது. வெள்ளைத் துணியில் மை ஊறுவதுபோல் இருந்தது அக்காட்சி. மூன்றாம் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. நாளம் கசிகிறது.

ஆசியர் கண்களில் ஒளிந்திருந்த மணிகள்

ஃபுளோரசீன் படத்துக்கு ஓர் எல்லை உண்டு. கசிந்து பரவும் சாயமே அடியிலுள்ள நாளத்தின் உருவத்தை மறைத்துவிடும். மேலும், நீல ஒளியால் நிறமி அடுக்கைத் தாண்டி ஆழமாகச் செல்ல இயலாது. ஆகவே, மருத்துவர் இண்டோசயனின் பச்சை என்னும் மற்றொரு சாயத்தையும் பயன்படுத்தினார். அது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் ஒளிர்கிறது. அந்த ஒளி நிறமியையும் மெல்லிய இரத்தத் திட்டுகளையும் ஊடுருவும். சாயம் இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் எளிதில் வெளியே கசிவதும் இல்லை. எனவே, கோராய்டின் நாளங்கள் இந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன.

பாட்டியின் படத்தில், கிளைத்த நாளங்களின் நுனியில் திராட்சைபோல் உப்பிய சிறு மணிகள் தெரிந்தன. நாளச் சுவர் உப்பியதால் உண்டானவை இவை. இம்மணிகள் திடீரென வெடித்து இரத்தம் கொட்டக் கூடும். இத்தகைய நோயை அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் யனூசி 1982ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். மேலை நாட்டினரைவிட ஆசியரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. அதனால், சிங்கப்பூர் மருத்துவர்களுக்கு இது தொலைவில் உள்ளோரின் சிக்கல் அன்று; நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல்.

சிங்கப்பூர் உட்பட ஆசியாவின் பல இடங்களில் 322 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ‘எவரெஸ்ட் 2’ என்று பெயரிடப்பட்ட அதன் முடிவுகள் 2017ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒரு பிரிவினருக்கு வி.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்து மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அதனுடன் ஒளிவழிச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. ஒளி பட்டால் மட்டுமே செயல்படும் மருந்தை உடலில் செலுத்தி, நோயுள்ள இடத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சுவது ஒளிவழிச் சிகிச்சை. ஓராண்டு முடிவில், ஊசி மட்டும் பெற்றவர்களுள் ஏறத்தாழ 35 விழுக்காட்டினருக்கு மணிகள் முற்றாக மறைந்திருந்தன. இரண்டையும் பெற்றவர்களுள் அது ஏறத்தாழ 69 விழுக்காடு. மணிகள் மறைந்தனவா இல்லையா என்பதைக் காட்டியது இண்டோசயனின் பச்சைப் படமே. எந்தச் சிகிச்சை தேவை என்பதையும் படமே முடிவு செய்ய உதவுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஒளியின் எதிரொலி

சாயப் படங்கள் நாளங்களை மேலிருந்து காட்டுகின்றன. விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் அடுக்கடுக்காகக் காட்டும் சோதனை ஓ.சி.டி. எனப்படுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 1991ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். டேவிட் ஹுவாங், எரிக் சுவான்சன், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ ஆகியோர் அவர்களுள் முதன்மையானோர். 2023ஆம் ஆண்டில் இம்மூவருக்கும் புகழ்பெற்ற லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

வௌவால் ஒலியை எழுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தடையின் தொலைவை அறிகிறது. ஓ.சி.டி. கருவி ஒலிக்குப் பதிலாக ஒளியைப் பயன்படுத்துகிறது. ஆனால், ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். விழித்திரையின் இரண்டு அடுக்குகளிலிருந்து திரும்பும் ஒளிகளுக்கு இடையிலான நேரத்தை எந்தக் கடிகாரத்தாலும் நேரடியாக அளக்க இயலாது. ஆகவே, ஆய்வாளர்கள் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்தனர். ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றொன்றைக் கண்ணாடி ஒன்றின்மேலும் செலுத்தினர். திரும்பி வரும் இரண்டையும் சேர்த்து, அவை ஒன்றோடொன்று இணைந்து உண்டாக்கும் மாற்றத்தைக் கொண்டு ஒவ்வோர் அடுக்கின் ஆழத்தையும் கணக்கிட்டனர். இன்றைய கருவிகள் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கமாக அடுக்குகளைப் பிரித்துக் காட்டும்.

பாட்டி கருவியின்முன் அமர்ந்து முகவாயை வைத்தார். உள்ளே தெரிந்த புள்ளியை உற்றுப் பார்த்தார். ஊசி இல்லை; சாயம் இல்லை; வலியும் இல்லை. சில நொடிகளில் சோதனை முடிந்தது. திரையில் தோன்றிய படத்தில், வழவழப்பாக இறங்க வேண்டிய மாக்குலாவின் நடுக்குழி மேடாக உயர்ந்திருந்தது. அதன் அடியில் கருநிறத் தேக்கம் ஒன்று தெரிந்தது. கசிந்த நீர் அது.

ஓடுவதை மட்டும் காட்டும் படம்

அதே கருவி ஓ.சி.டி. ஆஞ்சியோகிராம் என்னும் மற்றொரு படத்தையும் எடுத்தது. 2010க்குப் பின் வளர்ந்த முறை இது. சாயமே இல்லாமல் இரத்தநாளங்களைப் படம் பிடிப்பது இதன் சிறப்பு.

இஃது எவ்வாறு இயலும்? அடுக்குமாடி வீட்டின் பத்தாவது மாடியிலிருந்து இரவில் விரைவுச்சாலையைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நொடி கழித்து அதே இடத்திலிருந்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். கட்டடங்களும் மரங்களும் நிறுத்தி வைத்த வாகனங்களும் இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும். ஓடும் வாகனங்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றாக இருப்பவற்றை நீக்கிவிட்டு, மாறியவற்றை மட்டும் விட்டுவைத்தால் சாலையின் தடம் தெரிந்துவிடும்.

கண்ணுக்குள்ளும் அவ்வாறுதான். விழித்திரையின் திசுக்கள் அசைவதில்லை. நாளங்களுக்குள் சிவப்பணுக்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கருவி ஒரே இடத்தை நொடியின் மிகச் சிறு இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருடி, மாறியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஓ.சி.டி. ஆழத்தையும் அறியும் என்பதால், எந்த அடுக்கில் எந்த நாளம் இருக்கிறது என்பதும் தெரிகிறது. நாளமே இருக்கக் கூடாத அடுக்கில், பாட்டியின் இடக்கண்ணில் வேர்க்கொத்துப் போன்ற பின்னல் ஒன்று படர்ந்திருந்தது. முதல் இரண்டு வினாக்களுக்கும் விடை கிடைத்தது.

இந்த முறையிலும் குறைகள் உண்டு. இரத்தம் ஓடுவதை இது காட்டும், கசிவதைக் காட்டாது. மிக மெதுவாக இரத்தம் ஓடும் நாளங்களும் உப்பிய மணிகளும் சில வேளைகளில் இதில் தெரியாமல் போகும். நோயாளி கண்ணை அசைத்தாலோ இமைத்தாலோ படத்தில் பொய்யான கோடுகள் விழும். ஆதலால் மருத்துவர்கள் ஒரே படத்தை நம்பி முடிவெடுப்பதில்லை. சாயப் படம் கசிவைச் சொல்கிறது, ஓ.சி.டி. தேங்கிய நீரைச் சொல்கிறது, ஓ.சி.டி. ஆஞ்சியோகிராம் நாளத்தின் இடத்தைச் சொல்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் தீர்வு காண்கிறார்.

பாட்டியின் வலக்கண்ணையும் மருத்துவர் சோதித்தார். அதில் புதிய நாளங்கள் இல்லை. ஆனால், பெரிய ட்ரூசன் படிவுகள் சில இருந்தன. “இந்தக் கண்ணையும் நாம் காத்துக்கொண்டே இருக்க வேண்டும், அம்மா,” என்றார் அவர்.

ஊசியும் பொறுமையும்

“கண்ணுக்குள்ளேயா ஊசி?” என்று பாட்டி திகைத்தார். மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கண்ணில் இட்ட பிறகே ஊசி போடுவார்கள் என்று மருத்துவர் விளக்கினார். அந்த ஊசி மருந்து, புதிய நாளங்களைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுக்கிறது. அந்தப் புரதத்தை 1989ஆம் ஆண்டில் நெப்போலியோன் ஃபெராரா என்னும் அறிவியலாளரின் குழு பிரித்தெடுத்தது. அதனைத் தடுக்கும் ரானிபிசுமாப் என்னும் மருந்து 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அம்மருந்தைப் பற்றிய பெரிய ஆய்வொன்றில், அதனைப் பெற்றவர்களுள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் ஓராண்டில் கண் சோதனை அட்டையின் மூன்று வரிகள் அளவுக்குப் பார்வையை இழக்காமல் தப்பினர். மருந்து பெறாதவர்களுள் அது ஏறத்தாழ 62 விழுக்காடுதான்.

ஒரே ஊசியோடு சிகிச்சை முடிவதில்லை. மருந்தின் ஆற்றல் குறைந்ததும் கசிவு மீண்டும் தொடங்கலாம். ஆகவே, பாட்டி ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குச் சென்றபோதும் ஓ.சி.டி. படம் எடுத்தனர். பழைய படத்தையும் புதிய படத்தையும் மருத்துவர் அருகருகே வைத்துப் பார்த்தார். நீர் வற்றியிருந்தால் அடுத்த ஊசிக்கான இடைவெளியைக் கூட்டினார். மீண்டும் தேங்கியிருந்தால் குறைத்தார். மணிகளை அடைக்க ஒளிவழிச் சிகிச்சையும் அளித்தார்.

பல மாதங்களுக்குப் பிறகு பாட்டியின் இடக்கண்ணில் கறை சுருங்கியது. கோடுகளின் நெளிவு குறைந்தது. ஆயினும், பார்வை முற்றிலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நடுவில் ஓரெழுத்து அளவுக்கு மங்கல் எஞ்சிவிட்டது. வருமுன் தழும்பாகிவிட்ட சிறு பகுதி அது. “இன்னும் சில மாதங்கள் கழித்து வந்திருந்தால் இந்த அளவுக்குக்கூடக் காப்பாற்றியிருக்க முடியாது,” என்றார் மருத்துவர்.

வீட்டிலேயே ஒரு சோதனை

மருத்துவர் பாட்டிக்கு ஓர் அட்டையைக் கொடுத்தார். பத்து சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட கட்டம் அதில் அச்சிடப்பட்டிருந்தது. அதனுள் ஐந்து மில்லிமீட்டர் அளவில் சிறு சிறு கட்டங்கள். நடுவில் ஒரு புள்ளி. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் உருவாக்கியதால் அதனை ஆம்ஸ்லர் கட்டம் என்பர். படிக்கும் கண்ணாடியை அணிந்துகொண்டு, ஒரு கண்ணை மூடி, மற்றொரு கண்ணால் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் வளைந்தாலோ, மங்கினாலோ, மறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

“அன்று உங்கள் கோலம்தான் உங்களுக்கு இந்தக் கட்டமாக இருந்தது,” என்று மருத்துவர் சிரித்தார். பாட்டி தம் பேத்தியைத் திரும்பிப் பார்த்தார். புள்ளிகள் தொலைந்ததைக் கண்டவர் பாட்டிதான். ஆனால், அதை ஒதுக்கிவிடாமல் கேள்வி கேட்டவள் அவள்.

இன்று கண்ணுக்குள் ஓடும் இரத்தத்தைச் சில நொடிகளில் படம் பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால், எந்தக் கருவியும் வீடு தேடி வந்து ஒருவரின் கண்ணைச் சோதிப்பதில்லை. நோயாளி மருத்துவமனைக் கதவைத் தட்டிய பிறகே அதன் பணி தொடங்குகிறது. “கண் கெட்ட பிறகு சூரிய வணக்கமா?” என்று நம் முன்னோர் கேட்டதன் பொருள் இந்நோய்க்கு முற்றிலும் பொருந்தும். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் கண்ணை முறையாகச் சோதித்துக்கொள்வதும், புகைப்பழக்கத்தைக் கைவிடுவதும், பார்வையில் சிறு மாற்றம் தெரிந்தாலும் அதை வயதின்மேல் பழிபோட்டு ஒதுக்காமல் இருப்பதும் நன்று.

ஆம்ஸ்லர் கட்டம் அந்த வீட்டின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டது. பள்ளிக்குக் கிளம்பும்முன் பேத்தி நாள்தோறும் கேட்பாள்: “பாட்டி, இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டீர்களா?”

அடுத்த தீபாவளிக்கும் பாட்டி வாசலில் கோலம் போட்டார். புள்ளிகளை வைத்து முடித்ததும் வலக்கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு இடக்கண்ணை மூடிப் பார்த்தார். அதன் பின்னரே புள்ளிகளை இணைக்கத் தொடங்கினார்.